பிரூட்டாவும் விட்டுப்போன வசனமும்

போன கிழமை மாசியிலிருந்து கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். மாசி என்றால் மாதம் இல்லை. ஒக்லண்டின் வடமேற்கில் புது வீடுகளாக எழும்பிக்கொண்டிருக்கும் ஊர். கவிதா தமிழ்நாட்டுப் பிள்ளை. ஆஸ்பத்திரிகளிலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் தெரியாத தமிழ் ஆட்களுக்கு வாயால் மொழிபெயர்க்கிற வேலை செய்கிறாள். ஓய்வு பெறும்வரை நானும் அதையே செய்து வயிறு வளர்த்தேன்.

"ஆன்ட்டி, இப்ப போனே எல்லாத்தையும் பேசிடுது. நேத்து ஒரு டாக்டர் என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே போனை எடுத்து பேஷன்ட் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்களேன், எங்க குரூப்ல போடுறேன். எல்லாருக்கும் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

"தைரியம் வராது பிள்ளை. சிரிப்புத்தான் வரும்."

"சிரிப்பு வந்தா இன்னும் நல்லது ஆன்ட்டி."

அதனால் எழுதுகிறேன். ஆனால் என் அனுபவம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. இத்தனை வருடமும் பிரூட்டா என்ற மனுஷியோடு முட்டி மோதியதைத்தான் நான் அனுபவம் என்று சொல்லித் திரிகிறேன். பிரூட்டா என் மேலதிகாரி. பால்டிக் கடலோரத்தில் இருக்கும் லாத்வியா என்ற சின்ன நாட்டில் பிறந்தவர். தன் மொழியில் நாவல் எழுதுகிற எழுத்தாளர். பிழைப்புக்கு மற்றவர்களின் பிறப்புச் சான்றிதழ்களையும் கலியாணப் பதிவுகளையும் மொழிபெயர்த்தார். அதோடு மவுண்ட் ஆல்பர்ட்டில் தன் பழைய மரவீட்டின் முன்னறையில், எங்களைப் போன்ற பல மொழிக்காரரை வைத்து ஒரு சின்ன மொழிபெயர்ப்பு அலுவலகமும் நடத்தினார்.

நான் அவர் கையில் அகப்பட்ட விதம் இது. யோகேஸ்வரி என்ற என் பெயரை இந்த நாட்டுக்காரர் யோகா என்று சுருக்கிவிட்டார்கள். எங்கே வகுப்பு நடத்துகிறீர்கள் என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் ஒரு பேக்கரியில் பாண் அடுக்கினேன். நாங்கள் இருந்த சான்ட்ரிங்ஹாமில் பக்கத்து வீட்டுக் கனகம் அக்காவுக்கு ஆங்கிலம் வராது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டொக்டரோடு பேசிக்கொடுப்பது நான் செய்த உபகாரம். ஒருநாள் அப்படிப் பேசி முடித்து வெளியே வர, பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் வேறொருவருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நெட்டையான ஒரு வெள்ளைக்கார மனுஷி வந்து என் வழியை மறித்தார்.

"அந்த அம்மா நீளமாகப் பேசினார், நீ சின்னதாகச் சொன்னாய். பிறகு அவர் ஒரே ஒரு சொல் சொன்னார், நீ ஒரு பிரசங்கம் செய்தாய். எனக்கு உங்கள் மொழி தெரியாது. அளவு தெரியும்."

அவர் சொன்னது ஆங்கிலத்தில். நான் இங்கே தமிழில் தருகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. கனகம் அக்கா நீளமாகப் பேசியதில் பாதி மருமகளைப் பற்றியது என்று விளக்கம் கொடுத்தேன். "அதையும் சொல்லியிருக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்" என்றார். அடுத்த திங்கட்கிழமை நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி, பரீட்சை எல்லாம் ஒரு குளிர்காலத்தோடு முடிந்தன. அவற்றை எழுதினால் கவிதாவின் குரூப்பே நித்திரையாகிவிடும்.

பிரூட்டாவின் சட்டங்கள் கடுமையானவை. நோயாளிக்குப் பக்கத்தில் அரையடி பின்னால் கதிரையைப் போட வேண்டும். அப்போதுதான் டொக்டரும் நோயாளியும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், உன்னைப் பார்க்க மாட்டார்கள். அந்த அறையில் எது பேசப்பட்டாலும் மொழிபெயர்க்க வேண்டும். உன் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்லக் கூடாது. அறைக்குள் அறிந்தது அறைக்குள்ளேயே கிடக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்ல வேண்டும். "நீ அங்கே இல்லை. உன் வாய் மட்டும்தான் போயிருக்கிறது" என்பார்.

இந்தக் கடைசிச் சட்டம் என் மானத்தை வாங்கியது. முதல் மாதமே தம்பிராசா ஐயாவுக்காகப் போனேன். வயதான மனிதர். மூத்திரப் பை, புரோஸ்டேட் என்று ஆண்களின் பிரச்சினை. அவர் நெளிந்து நெளிந்து தமிழில் சொல்ல, நான் நேராக நிமிர்ந்திருந்து டொக்டரிடம் ஆங்கிலத்தில், "எனக்கு ஒரு வருடமாகப் புரோஸ்டேட் கரைச்சல்" என்றேன். மெல்லிய பொடியனான அந்த டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தம்பிராசா ஐயாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பிள்ளை, உவனுக்கு இன்னும் மீசையே முளைக்கேல்லை. உவனுக்கு என்னத்தைத் தெரியும்? உதைச் சொல்லிப்போடாதை."

பேசப்பட்டது எல்லாம் மொழிபெயர்க்கப்பட வேண்டுமே. மீசை முளைக்காததையும் சொன்னேன், சொல்லாதே என்றதையும் சொன்னேன். டொக்டர் மேலுதட்டைத் தடவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு பரிசோதனை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஐயா வாசல்வரை வந்து, "உன்னை எங்கட ஆள் எண்டு நம்பிக் கதைச்சன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோயிலில் கண்டாலும் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. பிரூட்டாவிடம் முறையிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மீசை என்பதை எப்படிச் சொன்னாய்?"

அலுவலகம் என்று பெயர்தானே தவிர, அது ஒரு எழுத்தாளரின் கூடு. விடியற்காலையில் நாவல் எழுதுவார். நாங்கள் போகும்போது மேசையில் அந்தத் தாள்கள் கிடக்கும். இலையுதிர்காலம் வந்தால் பைன் காட்டுக்குப் போய்க் காளான் பொறுக்கி வந்து ஹீட்டருக்கு மேல் காயப் போடுவார். சான்றிதழ் வாங்க வருகிற ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். சான்ட்ரிங்ஹாமில் தோசைக்கடைக்குக் கூட்டிப்போனால், கைப்பையிலிருந்து புளித்த கிரீம் போத்தலை எடுத்துத் தோசைக்கு மேல் ஊற்றுவார். கடைக்கார முதலாளி முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவரே ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒருநாள் நான் என் பிள்ளைகளைப் பற்றி மூக்கால் அழுதுகொண்டிருந்தேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறதுகள், மொழி அழியப்போகிறது என்று. பிரூட்டா பேனையை வைத்துவிட்டு, உங்கள் மொழியை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேட்டார். கோடிக்கணக்கில் என்றேன். "என்னுடைய மொழிக்காரர் எல்லாரும் சேர்ந்தாலும் இந்த ஒக்லண்டை நிரப்பி, மிச்சப் பேருக்கு ஒரு சின்னப் பட்டணம் போதும். அதிலும் என் நாவலை வாசிக்கிறவர்களை இந்த வீட்டுக்குள் உட்கார வைக்கலாம். நீ கோடிக்கணக்கான ஆட்களை வைத்துக்கொண்டா அழுகிறாய்?" என்றார். அதற்குப் பிறகு அவர் முன்னால் அந்த ஒப்பாரியை நான் வைத்ததில்லை.

அவருடைய பெரிய நாவல் அவருடைய அம்மாவைப் பற்றியது. யுத்தத்தின் முடிவில் அந்த அம்மா கைக்குழந்தையான பிரூட்டாவோடு கப்பலேறி, ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்து, பிறகு இந்த நாட்டுக்கு வந்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் கிழங்கு சீவினார். கடையிலும் டொக்டரிடமும் அம்மாவுக்காகப் பேசியது சின்னப் பிள்ளையான பிரூட்டாதான். அந்த நாவல் லாத்விய மொழியில் வந்து பல வருடமாயிற்று. ஆனால் மகன் ஆண்ட்ரிசுக்கு அந்த மொழி சாப்பாட்டு மேசையளவுதான். பேத்தி லைலாவுக்கு அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் செய்துதருகிறோம் என்று கேட்டு வந்த எல்லாரையும் பிரூட்டா துரத்தினார். எண்பதை நெருங்குகிற வயதில், "லைலா வாசிக்க வேண்டும், நானே செய்கிறேன்" என்று தொடங்கினார். அப்போது அலுவலகப் பொறுப்பு என் கைக்கு வந்திருந்தது. பின்னறையில் அவர் தன்னோடு தானே சண்டை பிடிக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

இங்கே பூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லாத்வியர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள் பெரிது. கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் உண்டு. அந்த நாளில் அந்தப் பெயர்க்காரர் வீட்டுக்கு அழைப்பு இல்லாமலே எல்லாரும் போகலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் சேலை கட்டிக்கொண்டு, ஒரு டசின் ரோசாப்பூவோடு போய் நின்றேன். வந்திருந்த லாத்வியக் கிழவிகளின் முகம் செத்துப்போயிற்று. பிரூட்டா பூங்கொத்தை வாங்கி எண்ணினார். ஒன்றை உருவி என் கையில் திருப்பித் தந்தார். "இரட்டைப்படை பிணத்துக்கு. நான் இன்னும் சாகவில்லை" என்றார். கலியாண வீட்டில் மொய் நூற்றியொன்று வைக்கிற சனத்தில் பிறந்தவள் நான். பூவுக்கும் அந்தக் கணக்கு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னர் பிரூட்டா குளியலறையில் விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கே அழைப்பு வந்தது: லாத்விய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவசரமாக வேண்டும், நோயாளிக்கு ஆங்கிலம் மறந்துபோய்விட்டது. பெயரைக் கேட்காமலே பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மூளையில் அடிபட்டால் பிறகு கற்ற மொழி முதலில் போகும் என்று நானே பல குடும்பங்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆண்ட்ரிஸ் கண் சிவந்து நின்றார். "மாசியில் நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறது. அம்மாவைத் தனியே விட எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். பயம் நியாயமானது. ஆனால் அந்த இல்லத்து அறையில் ஒரு கட்டிலும் அலுமாரியும்தான் கொள்ளும். பிரூட்டாவின் அகராதிகளுக்கே ஒரு வீடு வேண்டும். நாவல் மொழிபெயர்ப்பில் கடைசி மூன்று அத்தியாயம் மிச்சம். அங்கே போனால் அது முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கே இருப்பது என்று தீர்மானிக்கிற தெளிவு அவருக்கு இருக்கிறதா என்று டொக்டர் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அந்த விசாரிப்பை நடத்த முடியாது.

எனக்கு ஒரு கள்ளப்புத்தி. அடுத்த நாள் கீழே இருந்த பூக்கடையில் பத்துப் பூவாக எண்ணி வாங்கிக்கொண்டு போனேன். பிரூட்டா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். டொக்டரான இளம் பெண் கையைப் பிடித்து என்னவோ கேட்க, லாத்வியத்தில் முணுமுணுத்தார். நான் பூங்கொத்தை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். டொக்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் பிரூட்டாவின் விரல்கள் மெதுவாக ஊர்ந்தன. ஒரு பூவை உருவி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் என்னிடம் நீட்டினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மனுஷிக்கு ஒன்றும் மறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரிப்பு இல்லை என்பது அவர் எனக்குப் படிப்பித்த சட்டம். அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஏறிப் படுத்துக்கொண்டு மூன்று அத்தியாயத்துக்கு நேரம் தேடுகிறார்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். நாங்கள் பேசுவது இவருக்குப் புரிகிறது என்று நினைக்கிறீர்களா?"

"மொழிபெயர்ப்பாளர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது" என்றேன். கட்டிலில் ஒரு பெருவிரல் ஆடியது.

டொக்டர் போன பிறகு குனிந்து காதுக்குள் சொன்னேன். "உங்களுக்கு விசரா? அறளை பேந்துபோச்சு, வயதில் புத்தி தடுமாறிவிட்டது என்று எழுதிவிட்டால் நேரே மாசிதான்." எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய ஆங்கிலத்தில், "தாள்களைக் கொண்டுவா" என்றார்.

தாள்களைச் சான்ட்ரிங்ஹாம் மளிகைக்கடைப் பையில், முருங்கைக்காய்க்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன். பகல் முழுக்க எழுதினார். அவருடைய கையெழுத்து எந்த மொழி என்று கடவுளுக்கே தெரியாது. ஊருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று தாதிமார் நினைத்தார்கள். அதே நேரத்தில் நான் என் வேலையையும் ஒழுங்காகச் செய்தேன். இழுத்தடிக்கவில்லை. லாத்விய ஆள் தேடிக் கண்ட இடமெல்லாம் எழுதினேன். கடைசியில் லாத்வியாவின் தலைநகரத்திலேயே ஒரு இளைஞன் கிடைத்தான், வீடியோவில் வருவான். பிரூட்டாவிடம் சொன்னேன். அவர் லாத்வியத்தில் ஒரு சொல் சொன்னார். முன்பு அலுவலகப் பிரின்டரைப் பார்த்து அவர் சொல்கிற சொல்தான் அது.

விசாரிப்பு நாள் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆண்ட்ரிஸ், எதிரே டொக்டர், மேசையில் திரை, திரைக்குள் கொட்டாவி விடுகிற இளைஞன். நான் வழக்கம்போல அரையடி பின்னால். கடைசி அத்தியாயம் இன்னும் முடியவில்லை. எங்கே இருக்க விரும்புகிறீர்கள், ஏன், எப்படிச் சமாளிப்பீர்கள் என்று டொக்டர் கேட்டார். இளைஞன் அதைச் சரியாகவே சொன்னான்.

பிரூட்டா பேசத் தொடங்கினார். எழும்பி உட்கார்ந்து, கையை விரித்து, ஜன்னலைக் காட்டி, மகனைக் காட்டி, நிறுத்தாமல் பேசினார். லைலா என்றார், யோகா என்றார். அவர் குரல் ஓரிடத்தில் உடைந்ததும் எனக்குக் கேட்டது. முடிந்ததும் எல்லாரும் திரையைப் பார்த்தோம்.

இளைஞன் தொண்டையைச் செருமினான். "வீட்டுக்குப் போக விரும்புகிறாராம்."

நான் பிரூட்டாவைப் பார்த்தேன். கழுத்தில் சிவப்பு ஏறத் தொடங்கி நெற்றிவரைக்கும் போயிற்று. வேண்டாம், வேண்டாம் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"நான் சொன்னது அது இல்லை" என்றார் பிரூட்டா, மணி மணியான ஆங்கிலத்தில்.

ஆண்ட்ரிஸ் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். பிரூட்டா அவரைக் கவனிக்கவேயில்லை. திரையைப் பார்த்துப் பேசினார். "தம்பி, நான் பேசிய அளவு என்ன, நீ சொன்ன அளவு என்ன? நான் சொன்னது இதுதான். ஏழு வயதில் என் அம்மாவுக்காக நான் பேசினேன். என் அம்மா என்ன பேசினார் என்று என் பேத்திக்குச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. அதற்கு இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. குளியலறையில் கைப்பிடி போடட்டும். காலையில் தாதி வரட்டும். என் மகன் பயப்படுகிறான், அவன் நல்லவன், அவன் சாவி வைத்திருக்கட்டும். பின்னேரத்தில் யோகா வருவாள், அவளைக் கேட்கவில்லை, ஆனால் வருவாள். மறுபடி விழலாம் என்று எனக்குத் தெரியும். முடிக்காமல் பத்திரமாக இருப்பதைவிட முடித்துவிட்டு விழுவது எனக்குச் சம்மதம். இதில் எதை நீ விட்டாய்? எல்லாவற்றையும்."

இளைஞன் மன்னிப்புக் கேட்டான். டொக்டர் பேனையை மூடி வைத்தார். மூடிய பிறகுதான் தோள் குலுங்கிச் சிரித்தார். "இவரிடம் தெளிவைப் பற்றிக் கேட்க எனக்கு வேறு கேள்வி இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று மறுபடியும் சொன்னேன். ஆண்ட்ரிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எட்டு நாள் என்னைச் சாக வைத்தாயே" என்றார். பிரூட்டா அவர் தலையைத் தடவினார். அதற்கு மட்டும் லாத்வியத்தில் பதில் சொன்னார், அது சாப்பாட்டு மேசையளவு மொழிதான். ஆண்ட்ரிசுக்கு விளங்கியது.

கேட்கவில்லை, ஆனால் போனேன். அவர் வீடு திரும்பி இரண்டு மாதத்துக்குள் நான் ஓய்வு பெற்றேன், ஆனாலும் பின்னேரமானால் மவுண்ட் ஆல்பர்ட்டுக்குப் போவதை விடவில்லை. எழுதி எழுதி அவருடைய வலது கை ஓய்ந்துபோயிருந்தது. அவர் லாத்வியத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல, நான் டைப் செய்தேன். ஒரு வசனத்தில் ஒரு கிழமை நின்றோம். கப்பலால் இறங்கிய அம்மா, துறைமுகத்தில் மழைக்குள் நின்றுகொண்டு காலணியைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சொல்கிறார்: 'இந்த ஊரில் நமக்கென்று ஒருவரும் இல்லை, அதனால் பார்த்து வெட்கப்படவும் ஒருவரும் இல்லை.' பேக்கரி வாசலில் பாண் மாவோடு நின்று எத்தனை நாள் கூசிப்போயிருக்கிறேன். இதை யாராவது அப்போது எனக்குச் சொல்லியிருக்கலாம். டைப் செய்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். "வாய் அழக் கூடாது" என்றார் பிரூட்டா.

போன பெயர்நாளுக்கு வீடு நிறைந்த சனம், எல்லாரும் அழைக்கப்படாதவர்கள். பதினொரு பூவோடு நானும் போனேன். கடைசி அத்தியாயத்தை லைலா எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாசித்தாள். நல்ல குரல். பிரூட்டா சாய்வுநாற்காலியில் கண்ணை மூடித் தலை சரிந்து கிடந்தார். கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்து, பாவம், நித்திரை என்று சைகை காட்டினார்கள்.

கப்பல் வந்தது, மழை வந்தது, காலணியிலிருந்து தண்ணீரும் ஊற்றியாயிற்று. லைலா கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டாள்.

என் வேலைக்காலம் முழுவதும் எந்த அறையிலும் என் சொந்தச் சொல் ஒன்றைப் பேசாதவள் நான். அன்றைக்கு என்னை அறியாமலே எழும்பி நின்றேன். பதற்றத்தில் தமிழிலேயே வந்துவிட்டது.

"பிள்ளை, ஒரு வசனம் விட்டுப்போச்சு."

ஒருவருக்கும் விளங்கவில்லை. லைலாவுக்கு மட்டும் மொழி தெரியாமலே விளங்கியது. முகம் சிவந்து, சிரித்து, திரும்பிப் போய் அந்த வசனத்தைச் சத்தமாக வாசித்தாள். சனம் கை தட்டியது. நான் வெட்கத்தோடு உட்காரப் போனேன்.

சாய்வுநாற்காலியிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, பிரூட்டா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"இரண்டு விட்டாள்" என்றார். "நீ ஒன்றைத்தான் பிடித்தாய்."